போனவர்களின் அணியில் உன் பெயர்

வேந்தன்,

அன்றைக்கு வெள்ளவத்தையில், அந்த வீடியோ கேம் கடை இருந்த இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, என்ரை பேரை அந்த அண்ணை அழிச்சிருப்பார், என்ன?" அவர் அழிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு, மழை வரப்போகிறது, ஓட்டோ ஒன்றைப் பிடி என்று மட்டும் சொன்னேன். நீ கையைக் காட்டி மறித்தாய். இருவரும் ஏறினோம்.

அந்தக் கேள்விக்கு அன்று ஏன் பதில் இல்லை என்பதைச் சொல்ல, காலையில் ரயிலில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். கிளிநொச்சியில் ஏறியதிலிருந்து நீ யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். பின்னேரம் உனக்குக் கைவிரல் அடையாளம் கொடுக்கும் நேரம் தந்திருந்தார்கள். கனடாவுக்கான படிப்பு விசா. பாஸ்போட்டும் கடிதங்களும் என் மடியில் இருந்தன. மாங்குளம் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒருக்கா வேண்டாம் எண்டு சொன்னால் காணும் அம்மா. நான் வவுனியாவிலை இறங்கித் திரும்பிடுவன்" என்றாய். அப்பா என்ன சொன்னவர் என்று கேட்டேன். "போறவன் போகட்டும், வயல் எங்கையும் ஓடாது எண்டவர்." பிறகென்ன என்றேன். "அவர் சொல்லிப்போட்டார். நீங்கள்தான் ஒண்டும் சொல்லேல்லை" என்றாய். உனக்கு இருபது வயது. போன காலபோக நெல் விதைப்பிலேயே அப்பாவின் முழங்கால் தகராறு செய்யத் தொடங்கிவிட்டது. உருத்திரபுரத்து வயலுக்குள் அவருக்குப் பதிலாக இறங்கக்கூடியவன் நீ ஒருவன்தான். அதனால்தான் நீ கேட்டாய் என்று எனக்கு விளங்கியது. தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டேன். வவுனியா வந்தது. ரயில் நின்றது, புறப்பட்டது. நீ இறங்கவில்லை. ஆனால் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டேதான் கொழும்புவரை வந்தாய்.

நாம் முதல்முறை கொழும்புக்குப் போனபோது உனக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தாறு. யுத்தம் முடிந்தபின் எங்களை வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கனடாவிலிருந்து உன் அப்பா நம்மைக் கூப்பிட மனுப் போட்டிருந்தார். அந்த மனுவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடி அறையில் இருந்தோம். அந்த மாடியில் இருந்த எல்லோரும் எதற்கோ காத்திருந்தவர்கள். குசினி பொது, பேச்சும் பொது. சோறு வடிக்கும்போது விசாக் கதை, உடுப்புத் தோய்க்கும்போது விசாக் கதை. யாருக்குக் கடிதம் வந்தது, யாரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், யாரை மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். மெடிக்கலுக்குக் கூப்பிட்டால் விசா வந்த மாதிரித்தான் என்று அந்த மாடி முழுவதும் நம்பியது. கூப்பிட்ட அன்றே கேசரி கிண்டிக் கொடுப்பார்கள், குளிருக்குப் போடும் சட்டை வாங்கப் புறக்கோட்டைக்குப் போவார்கள். வெளியில் உள்ளவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதே பெரிய விஷயம்.

அந்தப் பேச்சிலிருந்து தப்பத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு முதலில் அந்தக் கடைக்குப் போனேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அப்போது அப்படி நாலைந்து கடைகள் இருந்தன. ஒன்று சலூனுக்கு மேல், ஒன்று வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் கொமினிக்கேசனின் பின்னறையில். நாம் போனது ஒரு தையல்கடைக்கு அருகில், கதவுக்குக் கறுப்புச் சீலை போட்ட கடை. உள்ளே ஐந்து ரிவிப் பெட்டி, ஐந்து கேம் மெசின், வயர்கள், பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பெரிய காற்றாடி. அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு. கடைக்காரர் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். ஒரு பெண் அங்கே வந்து உட்காருவது அந்த ஒழுங்கைக்குப் புதிது. முதல்நாள் அவர் எழும்பித் தன்னுடைய கதிரையைக் காற்றாடிக்குக் கீழே தள்ளிவிட்டு, "இருங்கோ தங்கச்சி, இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றார். சொன்னபடியே ஒருவரும் கேட்கவில்லை. நீ விளையாடினாய். நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்களைப் படித்தேன். என் வாழ்க்கையில் அதிகம் வாசித்த காலம் அதுதான். கடையின் சத்தத்தைப் பற்றி எல்லோரும் முறைப்பட்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் வசதியாக இருந்தது, அதில் விசா என்ற சொல் இல்லை.

கிரிக்கெட் விளையாட்டில் ஆட்டக்காரரின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதலாம். கடைக்காரர் அதை வைத்து ஒரு வழக்கம் உண்டாக்கியிருந்தார். கடைக்கு வந்துபோன ஒரு பெடியன் வெளிநாடு போகிறான் என்றால், கடைசி நாளில் அவனை நடு ரிவிக்கு முன்னால் இருத்தி, ஒரு அணியில் அவன் பெயரை எழுதி மெமரி காட்டில் சேமித்து வைப்பார். அதற்குப் போனவை ரீம், போனவர்களின் அணி, என்று பெயர். மிச்சமிருக்கும் பெடியள் எதிர்ப்பக்கம் விளையாடுவார்கள், போனவர்களுக்காக மெசின் விளையாடும். ஒருவன் லண்டனுக்குப் போய் மூன்று வருடமாகியிருக்கும், இங்கே தினமும் முதலாவதாக இறங்கிக் கண்டபாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பான். "அங்கை குளிருக்குள்ளை கோப்பை கழுவுறான், இஞ்சை வந்து சிக்ஸ் அடிக்கிறான் பார்" என்று ஒருவன் சொல்வான். "அவன்ரை அம்மாவுக்குச் சொல்லாதை, காசு அனுப்பச் சொல்லி இஞ்சை வந்து நிப்பா" என்று இன்னொருவன். கனடா போன ஒரு கூட்டாளியை ரிவியில் ஓட்டம் எடுக்காமல் வெளியேற்றிவிட்டு, அன்று பின்னேரமே கொமினிக்கேசனுக்குப் போய் அவனுக்கே கோல் எடுத்து அதை அறிவித்த பெடியனும் இருந்தான். நான் புத்தகத்தின் மேலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அணியில் இருந்தவர்களுக்கு வயது ஏறவில்லை, கை தளரவில்லை. விட்டுப்போன நாளில் எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள்.

நமக்கு மெடிக்கல் கடிதம் வந்த அன்று, குசினியில் கேசரி இறக்குமுன் நீ கடைக்கு ஓடிவிட்டாய். நான் பின்னால் வந்து சேர்ந்தபோது, மெடிக்கல் வந்தால் போன மாதிரித்தான் என்று அங்கேயும் நம்பி, உன்னை நடு ரிவிக்கு முன்னால் இருத்தியிருந்தார்கள். உன் முழுப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வன்னியில் அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்த நீளமான தமிழ்ப் பெயர்களில் ஒன்று அது. அந்த மெசினின் பெட்டிக்குள் அது கொள்ளவில்லை. "உன்ரை பேருக்கு ரெண்டு ரிவி வேணுமடா" என்று பெடியள் சிரித்தார்கள். கடைக்காரர் உன்னிடமே மரியாதையாகக் கேட்டார், "தம்பி, முன்னுக்கு வெட்டுறதோ, பின்னுக்கு வெட்டுறதோ?" நீ யோசித்து, முன்னுக்கு என்றாய். அப்படித்தான் வேந்தன் மிஞ்சியது. கொழும்பு வீதியில் உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட எனக்கு அந்நாளில் தயக்கம் இருந்தது. எந்த ஊர் என்று பெயரே சொல்லிவிடும், வன்னி என்றால் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அதில் பாதி அன்று ஒரு ரிவியில் பெரிய எழுத்தில் வந்து நின்றது. ஆறாவதாக இறங்கும் ஆள். ரிவியில் அந்த வேந்தன் ஒரு பந்தை அடித்தபோது நீயே உன்னைப் பார்த்துக் கைதட்டினாய்.

மனு நிராகரிக்கப்பட்ட செய்தி இரண்டு மாதம் கழித்து வந்தது. நான் அழவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன், பிறகு அரிசி ஊறப்போட்டேன். நீ வழக்கம்போல் கடைக்குப் போனாய், அரை மணித்தியாலம் முடியுமுன் திரும்பி வந்தாய். என்ன நடந்தது என்று நீ சொன்னதே இல்லை. எனக்கு அன்றிரவு குசினிப் பேச்சில்தான் தெரியவந்தது. ஒருவன் உன்னைக் கண்டதும், "டேய், நீ போயிட்டாயெல்லோ. அங்கை நிக்கிறாய் பார், இஞ்சை என்ன செய்யிறாய்?" என்றிருக்கிறான். மற்றவர்கள் உன்னோடு பேசாமல், உன் காது கேட்க, "வேந்தன் கனடாவிலை நல்லா இருக்கிறானாம்" என்று தங்களுக்குள் கதைத்திருக்கிறார்கள். பிறகு ஜோய்ஸ்டிக்கை உன் கையில் தந்து, பந்து போடு என்றிருக்கிறார்கள். உனக்கு எதிரே துடுப்போடு நின்றது நீ. அவர்கள் கெட்ட பெடியள் அல்ல. அவர்களும் காத்திருந்தவர்கள். போகாதவனின் பெயர் போனவர்கள் நடுவில் நின்றது அவர்களுக்குக் கண்ணில் குத்தியது. அதைப் பகிடியாக்குவதைவிட வேறொன்றும் செய்ய அந்த வயதில் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தநாள் காலை, கடை திறக்கும் நேரம், நான் தனியாகப் போனேன். கடைக்காரர் ரிவிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுக்கிறது ஒரு நிமிச வேலை தங்கச்சி" என்றார். "ஆனா இதுவரைக்கும் நான் ஒருத்தர்ரை பேரையும் அழிக்கேல்லை."

"அவன் போகேல்லையே அண்ணை."

"ஓம், போகேல்லை." அவர் துணியை மடித்து வைத்துவிட்டு நடு ரிவியைப் போட்டார். அணியின் பட்டியல் வந்தது. பதினொரு பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு இடம். உன் பெயரை ஆறாவது இடத்திலிருந்து எடுத்து அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுபோனார். "இதிலை இருந்தால் இறங்கமாட்டான். ஸ்கோரிலையும் பேர் வராது, பெடியளுக்கும் தெரியாது. தண்ணி கொண்டுபோற ஆள். ஆரும் விழுந்தால்தான் உள்ளுக்கு வருவான்."

எனக்குக் கிரிக்கெட் அவ்வளவு தெரியாது. அப்படி ஒருவர் இருப்பார் என்பதையே அன்றுதான் அறிந்தேன். அவர் சேமித்தார், ரிவியை நிறுத்தினார். "அவனை வரச்சொல்லுங்கோ" என்றார். நீ வரவில்லை. அடுத்த கிழமை நாம் ஊருக்குத் திரும்பினோம். பெயரைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன் அப்பா இரண்டு வருடம் வழக்கறிஞர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாள் தானே வந்து இறங்கினார். வயலைத் துப்புரவாக்கினார். கிளிநொச்சியில் ஒருவர் இரண்டு மெசின் வைத்து கேம் கடை தொடங்கியபோது உன் வகுப்புப் பெடியள் எல்லோரும் சைக்கிளில் போனார்கள். நீ போகவில்லை. அப்பா காசு தருகிறேன் என்றும் போகவில்லை. ஏன் என்று அவர் என்னிடம் கேட்டார், தெரியாது என்றேன். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, அந்தக் கடையும் இல்லாமற்போனது. நீ வீட்டு விறாந்தையில் காதில் மாட்டிக்கொண்டு யாரோடோ விளையாடத் தொடங்கினாய். யாரோடு என்று கேட்டால் பிரேசிலில் ஒருவன், மலேசியாவில் ஒருவன் என்பாய். "அவங்களும் மனிசர்தானே அம்மா" என்றாய் ஒருமுறை. உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவராவது எழும்பி உனக்குக் கதிரை தள்ளிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அன்றைக்கு வருகிறேன். நேரம் இருந்ததால் அந்த ஒழுங்கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவன் நீ. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நீயாக அந்தக் கடையின் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. சலூன் இருந்த கட்டிடம் இப்போது தொடர்மாடி. கொமினிக்கேசன் போன் உறைகள் விற்கும் கடை. தையல்கடை அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தோம். அதற்கு அருகில் கறுப்புச் சீலைக்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவு, அதில் அழகு நிலையம், பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. நீ வெளியில் நின்றாய். நான் உள்ளே போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை என் முகத்தைக் கொஞ்சநேரம் கவலையோடு பார்த்துவிட்டு, "பேசியல்தானே அன்ரி?" என்றாள். கேம் கடையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியாது. முதலாளி அக்காவிடம் கேட்டு வந்து, முன்னர் இருந்தவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டாராம் என்றாள். வெளியே வரும்போது கண்ணாடிகளுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சுவர் நீளத்துக்குப் பிளக் பொயின்ற்கள் வரிசையாக இருப்பதைக் கண்டேன். முடி காயவைக்கும் மெசினை அதில் ஒன்றில் செருகியிருந்தார்கள். கடை இருந்ததற்கு அந்த வரிசைதான் மிச்சம்.

அதை உனக்குச் சொன்னேன். அண்ணையும் கனடா போயிட்டார் என்பதையும் சொன்னேன். நீ சிரித்தாய். "அப்ப அவர்ரை பேரை ஆர் எழுதினது?" என்றாய். பிறகுதான் குரலை மாற்றி உன் பெயரைப் பற்றிக் கேட்டாய்.

உன் முகத்தைப் பார்த்தபோது அது பழைய ஞாபகத்தில் கேட்ட கேள்வி அல்ல என்று விளங்கியது. வவுனியாவில் இறங்கத் தயாராக இருந்தவன், அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாய். அழித்துவிட்டார் என்றால், இனிப் போகலாம், பழசு முடிந்தது என்று எடுத்துக்கொள்வாய். அழிக்கவில்லை, கோட்டுக்குக் கீழே வைத்தார் என்றால், நான் இங்கே நிற்கவேண்டியவன், யாராவது விழுந்தால் இறங்கவேண்டியவன் என்று எடுத்துக்கொள்வாய். அப்பாவின் முழங்கால் உன் மனதில் இருந்தது, என் மனதிலும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது நான் போகாதே என்று சொன்னதாக ஆகும். பொய் சொன்னால் போ என்று சொன்னதாக ஆகும். இரண்டில் ஒன்று என் வாயிலிருந்து வந்தால், பிறகு ஒரு கெட்ட நாளில் நீ அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் அப்பாவை அப்படி ஒரு சொல் பல வருடம் பிடித்து வைத்திருந்தது. அவரை அனுப்பியது நான். போங்கோ என்று நான் சொன்ன ஒரு சொல்லை அவர் அங்கே குளிர் கூடிய நாட்களில் எல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த பிறகுதான் சொன்னார், கோபமில்லாமல். ஆகவே மழை வரப்போகிறது என்றேன். உண்மையில் மழை வரவில்லை.

இப்போது நீ போய்விட்டாய், இனி இது உன்னைத் திருப்பாது என்பதால் எழுதுகிறேன். இதே மாதிரி அறைகளில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறிவுரை சொல்வதில் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் இரண்டொன்று இருக்கிறது. அங்கே நீ இருக்கப்போகும் அறையை லொட்ஜ் ஆக்காதே. அடுத்த கடிதம் வரட்டும், அடுத்த வதிவிட அட்டை வரட்டும், பிறகு வாழலாம் என்று இருப்பவர்கள் அங்கேயும் நிறைய என்று உன் அப்பா சொல்கிறார். அவர்களோடு சோறு தின்னலாம், அவர்கள் பேச்சில் குடியிருக்கவேண்டாம். நாலுபேர் ஒரே இடத்தில் இருந்து சத்தம்போடும் கடையோ மைதானமோ நூலகமோ ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடி. கொஞ்சம் காசு போனாலும் போகட்டும். கூடவே ஒரு புத்தகமும் கொண்டுபோ. சத்தத்துக்குள் வாசிக்கலாம் என்பதை நான் சாட்சியாகச் சொல்வேன்.

மற்றது, எங்களை நீ விட்டுப்போன நாளில் இருந்தபடியே சேமித்து வைக்காதே. அந்தப் பெடியள் போனவர்களை அப்படி வைத்திருந்தார்கள். போனவர்களும் ஊரை அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீ கோல் எடுக்கும்போது அப்பா நடக்கிற வேகம் குறைந்திருக்கும், என் கண்ணாடி மாறியிருக்கும். அதை ஒரு குறையாக எடுக்காமல் கேட்டுக்கொள். உன் குரலும் மாறும், நாங்களும் கேட்டுக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே வைத்த பெயரைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதர் அதைத் தண்டனையாகச் செய்யவில்லை. எடுத்துவிடச் சொல்லி ஒரு தாய் வந்து நின்றபோது, எடுக்காமல் வைக்க அவரிடம் இருந்த ஒரே இடம் அது. கனடாவில் எங்காவது அவரைக் கண்டால், நன்றி சொல்லவேண்டும் என்றில்லை. உன் பெயரைச் சொல். பின்பாதியைச் சொன்னால் போதும், அவருக்கு விளங்கும்.

அன்று பின்னேரம் நீ கைவிரல்களை வைத்தாய். திரும்பும் ரயிலில் அனுராதபுரம்வரை தூங்கினாய், என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. விசா தையில் வந்தது. மாசியில் நீ போனாய். வைகாசியில் சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீரைத் திறந்தார்கள். அப்பாவால் வரம்பில் நிற்க ஏலவில்லை. எங்கள் முறை வந்த அன்று, தண்ணீர் கட்ட, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன்.

அம்மா